பால் சேராத பந்தி: பழனிச் சாலையில் ஒரு சாப்பாட்டு வரலாறு

திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குச் சுமார் 60 கி.மீ. இடையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி என்று மூன்று ஊர்கள். ஒன்றில் கிளம்பி அடுத்ததை அடைய ஏறத்தாழ அரை நாள் நடை. ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் இந்தப் பாதையில் நடந்தவர்கள் எங்கே படுத்தார்கள், எங்கே உண்டார்கள் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி.

இன்று அந்தச் சாலை தொடங்கும் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு வீகன் பயணி வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இறைச்சி, மீன், முட்டையோடு பால், தயிர், மோர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கியவர். நனிசைவர் என்றும் சொல்கிறார்கள். அவர் கண்ணில் முதலில் படுவது பிரியாணிக் கடைகள். சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் சேர்ந்து இந்த ஊரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன. அவற்றைத் தாண்டி 'உயர்தர சைவ உணவகம்' என்ற பலகையின் கீழே நுழைந்தால், பொங்கலில் நெய், குருமாவில் தயிர், சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் தயிர்க் கிண்ணம், கடைசியில் நுரை ததும்பும் காப்பி. நமக்கு இந்த ஊரில் எதுவும் இல்லை என்று அவர் கிளம்பிவிடக்கூடும்.

அவசரப்பட்ட முடிவு அது. மாடும் நிலமும் இல்லாத குடும்பங்கள் இந்தச் சமவெளியில் தலைமுறை தலைமுறையாக அன்றாடம் உண்டதில் பெரும்பகுதி பால் சேராத உணவுதான். அதற்குப் பலகை மாட்ட யாரும் முன்வரவில்லை. பலகை மாட்டிய உணவுக்கு ஒரு வரலாறு இருப்பதுபோல் மாட்டாத உணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரில் பசியாறும் வழி தெரியும்.

வழிப்போக்கருக்கு எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லும் எழுத்து தமிழுக்குப் புதிதில்லை. பத்துப்பாட்டில் உள்ள ஆற்றுப்படை நூல்கள் அந்த வேலையையும் செய்தன. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்கிறான். வழியில் எந்த நிலத்தார் என்ன உணவு தருவார்கள் என்பதும் கூடவே வருகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒவ்வொரு உணவு. உழவர் வீட்டில் வெண்சோறும் கோழிக்கறியும். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் வடுமாங்காயும். வானம் பார்த்த முல்லை நிலத்தில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும். இந்த மூன்றில் நம் வீகன் பயணி தயங்காமல் உட்காரக்கூடிய பந்தி கடைசியது. பயறும் சிறுதானியமும் சேர்ந்த அந்தச் சேர்மானத்தை எந்தக் கொள்கையும் உண்டாக்கவில்லை. மழையை நம்பிய நிலம் கொடுத்தது அது.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளியும் அப்படிப்பட்ட நிலம்தான். வேடசந்தூர், குஜிலியம்பாறை, நத்தம் பக்கங்களில் ஆற்றுப்பாசனம் குறைவு. கம்பு, சோளம், சாமை, கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று குறைந்த தண்ணீரில் விளைவதைத்தான் மக்கள் நம்பினார்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பொங்கியது என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களில் யாரும் சைவம் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஆடு அடித்தால் கறி உண்டு, சந்தைக்குப் போனால் கருவாடு உண்டு. மற்ற நாள்களில் பானையில் இருந்தது தானியம், பயறு, புளி, மிளகாய், கீரை. மாடு இருந்த வீட்டில் கூழில் மோர் விழுந்தது. இல்லாத வீட்டில் தண்ணீரும் உப்பும் சின்ன வெங்காயமும் போதுமாக இருந்தன.

சத்திரத்துக்கு வருவோம். மதுரை நாயக்க அரசில் 1689 முதல் 1706 வரை ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்ந்தே பேசப்படுகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் உள்ள சத்திரம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கனுக்குச் சோறு போடுவது அரசர்க்கும் செல்வர்க்கும் அறமாக இருந்தது. ஆனால் அந்த அறத்துக்குள் சாதி இருந்தது. சமைத்த சோறு ஒரு சாராருக்கு, படியரிசியும் பருப்பும் இன்னொரு சாராருக்கு, திண்ணைக்குக்கூட வராதே என்பது மற்றொரு சாராருக்கு என்று பல சத்திரங்களில் பந்தி பிரிந்தது. பால், தயிர், நெய் எல்லாம் முதல் பந்தியில் நின்றன. படி வாங்கியவர் மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிப் புளியும் உப்பும் காரமும் போட்டுக் காய்ச்சிக் குடித்தார்.

நடைபயணத்துக்கு ஏற்ற இன்னொரு உணவு கட்டுச்சோறு. புளிக்காய்ச்சலை நல்லெண்ணெயில் சுண்ட வதக்கி, ஆறிய சோற்றில் பிசைந்து, இலையில் கட்டிக் கொண்டுபோவார்கள். புளியின் அமிலம் கிருமியை அண்டவிடாது, நீர் சுண்டிய எண்ணெய்க் குழம்பு சோற்றை எளிதில் ஊசவிடாது. தயிர்ச் சோறு வெயிலில் அரை நாளில் புளித்துவிடும். நெடுவழி நடக்கிறவர் புளிச்சோற்றைத் தேர்ந்தெடுத்தது அனுபவ அறிவு. பால் சேராமை அதில் தானாகவே அமைந்துவிட்டது.

இந்தச் சாலையில் நடந்தவர்களில் பெரும் கூட்டம் தைப்பூசப் பாதயாத்திரைக்காரர்கள். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியில் கூடி, காவடிகளோடு நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து பழனிக்குப் போகிறார்கள். சுமார் 400 ஆண்டு மரபு என்றும், உப்பு வணிகத்துக்குப் பழனி போய்வந்த ஒரு செட்டியாரிடமிருந்து அது தொடங்கியது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இன்று தை மாதத்தில் அந்தச் சாலையோரம் நெடுக அன்னதானப் பந்தல்கள். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தக்காளிச் சோறு, சுண்டல், சுக்குக்காப்பி என்று வாளிகளில் வந்துகொண்டே இருக்கும். யாரும் யாரையும் ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. பழைய சத்திரம் தராத சமத்துவத்தை இந்தப் பந்தல்கள் தருகின்றன என்பது பெரிய செய்தி. அந்த வாளிகளில் பாதிக்கு மேல் பால் இல்லாதவை என்பது வீகன் பயணிக்குக் கூடுதல் செய்தி. பழனி மலையில் நாள் முழுவதும் அன்னதானம் என்ற அரசுத் திட்டம் 2012-ல் வந்தது. அதற்கு முன்பே சாலையின் மக்கள் தங்கள் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி பாதை 1928-ல். ரயில் சத்திரத்தின் தேவையைக் குறைத்தது, கட்டுச்சோற்றின் தேவையையும் குறைத்தது. அதன் இடத்தில் வந்தது ரயில்நிலைய உணவு அறையும் ஊருக்குள் காப்பி கிளப்பும். காப்பி தமிழ்நாட்டில் பரவிய கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் எழுதியிருக்கிறார். நம் விஷயத்துக்கு முக்கியமான ஒன்று: காப்பியோடு பசும்பாலும் நகரத்து அந்தஸ்தின் அடையாளமாக மேசைக்கு வந்தது. தண்ணீர் கலக்காத பாலில் போட்ட காப்பிக்குப் பெருமை சேர்ந்தது. கிராமத்தில் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிய வரக்காப்பி வறுமையின் பானம் ஆனது. இத்தனைக்கும் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்கள் உண்டு. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. மலையில் விளைந்த கொட்டையின் மணத்தை முழுதாக அறிய வேண்டுமானால் பாலை விட்டுவிட்டுக் குடிக்க வேண்டும் என்பதை இந்த மாவட்டத்தார் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கால சைவ உணவகத்தின் பலகை தூய்மையைப் பற்றிப் பேசியது. அது சமைப்பவரின் சாதி பற்றிய தூய்மை. அந்தக் கணக்கில் பசுவிடமிருந்து வரும் எல்லாமே தூய்மை தருபவை. எனவே சைவப் பலகை நெய்யையும் தயிரையும் மறைக்கவில்லை, பெருமையோடு காட்டியது. ரயில்நிலைய உணவு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்றிருந்த ஏற்பாடு, சுயமரியாதை இயக்கத்தின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 1941-ல் நீங்கியது. கடை, உணவகம், விடுதிகளில் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்று 1950-ல் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொன்னது. அதன் பிறகும் பலகைகளில் சாதிப்பெயர் தொங்கியது. 1957-ல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் மறியல் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். கடைசியில் பெயர் நீங்கியது.

அதே 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு கடை திறந்தார். பெயர் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல். அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகை பின்னாளில் கடையின் பெயரானது. கறிச்சோற்றை ஒதுக்குப்புறத்தில் மறைத்து விற்காமல், ஊர் நடுவில் பெயர்ப்பலகையோடு பெருமிதமாக விற்ற கடைகள் வரிசையாக எழுந்தன. எல்லாச் சாதியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட இடங்கள் அவை. திண்டுக்கல்லின் பிரியாணியைக் குறை சொல்லும் வீகன் ஒருவர் இந்தப் பின்னணியைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த ஊரில் கறியும் ஒரு சமத்துவக் கதையின் பகுதி. சைவப் பலகையும் பிரியாணிப் பலகையும் இப்படி ஊரைப் பங்குபோட்டுக்கொண்டபோது, கூழும் வரக்காப்பியும் பலகை இல்லாத தள்ளுவண்டியில் நின்றன.

நம் வீகன் பயணியைப் போலப் பெரிய நகரத்தில் தன் உணவைத் தேடி அலைந்தவர் என்றால் வரலாற்றில் முதலில் நினைவுக்கு வருபவர் காந்தி. 1888-ல் லண்டன் போன அந்த 19 வயது இளைஞர், உப்புச்சப்பில்லாத விடுதிச் சாப்பாட்டில் பட்டினி கிடந்து, நாள்தோறும் மைல் கணக்கில் தெருத்தெருவாக நடந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்டுபிடித்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1912-ல், தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில், பாலையும் விட்டார். அந்தப் பண்ணையில் அவரோடு தமிழர்கள் பலர் இருந்தார்கள். அவர் அங்கே உண்டதாகக் குறிப்பிடுபவை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய். கடலையும் வாழையும் எலுமிச்சையும் திண்டுக்கல் சந்தையில் இன்றும் குவிந்து கிடப்பவை.

சில ஆண்டுகள் கழித்து வயிற்றுக்கடுப்பில் சாகும் நிலைக்குப் போனபோது, விரதம் எடுக்கையில் மனத்தில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே என்று கஸ்தூர்பா எடுத்துச்சொல்ல, ஆட்டுப்பாலுக்கு இறங்கினார். அது தன் விரதத்தின் உயிரைக் கொன்றுவிட்டது என்ற வருத்தம் அவரிடம் கடைசிவரை இருந்தது. 'வீகன்' என்ற பெயரை டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் இங்கிலாந்தில் உண்டாக்கியது 1944-ல். அந்தப் பெயர் பிறப்பதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே காந்தி அந்த வாழ்க்கையைச் சோதித்துப் பார்த்துவிட்டார். 1946 பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வழிபாட்டுக்கு வந்தபோதும் அவர் ஆட்டுப்பால் குடிப்பவர்தான். மறு ஆண்டு, 1947 அக்டோபரில், டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். காந்தி செய்துபார்த்த எளிய உணவை மேலெடுத்துச் செல்ல இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆனால் அதே மாவட்டத்து வீடுகளில் கூழ் சரிந்தது. அதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. கிணறும் மின்மோட்டாரும் வந்தபின் மானாவாரி நிலம் காய்கறிக்கும் பணப்பயிருக்கும் மாறியது. 1967-க்குப் பிறகு மலிவு விலை அரிசி அரசியலின் மையத்துக்கு வந்தது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். பசித்த வீடுகளுக்கு அது பெரும் கொடை, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம், 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பின் கிராமந்தோறும் பால் சங்கம் வந்தது. பால் இப்போது ஏழை வீட்டின் வருமானம். வீகன்கள் பாலை எதிர்க்கும்போது, ஒரு கறவையை நம்பி மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாயையும் கணக்கில் எடுத்துப் பேச வேண்டும். அதைச் செய்யாத வாதம் இந்த மண்ணில் எடுபடாது, எடுபடவும் கூடாது.

சிறுதானியத்தின் மதிப்பு இப்போது திரும்புகிறது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. அதே எடை பசும்பாலில் சுமார் 120. பால் இல்லாமல் எலும்பு எப்படி நிற்கும் என்று கேட்பவர்களுக்குக் களியும் முருங்கைக்கீரையும் பதில் சொல்லும். பி12 வைட்டமின் மட்டும் தாவர உணவில் கிடைக்காது. அதை மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வாழையைச் சொல்லாமல் திண்டுக்கல் சாப்பாட்டைச் சொல்ல முடியாது. சிறுமலை மலைவாழைக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல் கருத்தாலும் உள்ளே கெடாமல் இனிக்கும் சிறிய பழம். விருப்பாச்சி, பழனிச் சாலையை ஒட்டிய பாளையம். சிவகங்கையை இழந்த வேலு நாச்சியார் தஞ்சம் புகுந்த இடம். அவருக்கு இடம் கொடுத்த பாளையக்காரர் கோபால நாயக்கரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1801-ல் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். விருப்பாச்சியின் பெயரைத் தாங்கிய வாழையை முடிக்கொத்து நோய் பின்னாளில் பெருமளவு அழித்தது. தடியன்குடிசையில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் மலைவாழையை மீட்க உழைத்தது. இந்தப் பழம்தான் பழனி பஞ்சாமிர்தத்தின் உயிர். 2019-ல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. ஆனால் அதில் நெய்யும் தேனும் சேர்கின்றன. வீகன் பயணி அதைக் கும்பிட்டுவிட்டு, அடிவாரத்துக் கடையில் மலைவாழையைச் சீப்பாக வாங்கிக்கொள்ளலாம்.

ஆக, இன்று இந்த ஊருக்கு வருபவர் எங்கே போக வேண்டும்? காலையில் எந்தச் சிறிய இட்லிக் கடைக்கும் போகலாம். இட்லியில் பால் இல்லை, பொடிக்கு நல்லெண்ணெய், தேங்காய்ச் சட்னி. தோசைக்கு நெய் தடவ வேண்டாம் என்று முன்கூட்டிச் சொன்னால் போதும். இடியாப்பம் கிடைத்தால் தேங்காய்ப்பாலோடு சாப்பிடலாம். பரோட்டா மாவில் முட்டையோ பாலோ சேர்ப்பது உண்டு, கேட்காமல் கை வைக்கக்கூடாது. மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார், வத்தக்குழம்பு, பொரியல் பெரும்பாலும் எண்ணெயில் தாளித்தவை. பருப்புக்கு மேல் ஊற்றும் நெய்யையும் தயிரையும் நிறுத்திவிட வேண்டும். 'சைவமா?' என்று கேட்டால் 'ஆமா' என்ற பதில்தான் வரும். 'நெய், பால், தயிர் எதுல போட்டிருக்கீங்கண்ணே?' என்று பெயர் சொல்லிக் கேட்டால் பரிமாறுகிறவர் சமையல்கட்டு வரை போய் விசாரித்து வந்து சொல்வார்.

வெயில் ஏறியபின் கூழ் வண்டி. இங்கே கவனம் தேவை. கம்பை இடித்து, ஊறவைத்துப் புளிக்கவிட்டு, காய்ச்சி, உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டு வைத்திருப்பார்கள். கேட்பவருக்குக் கரைத்துக் கொடுக்கும்போது மோர் சேர்ப்பது இப்போது பல இடங்களில் வழக்கம். தொட்டுக்கொள்ள வைக்கும் மோர் மிளகாயும் மோரில் ஊறியதுதான். 'அக்கா, மோர் ஊத்தாம வெறும் கூழா ஒரு சொம்பு குடுங்க, மாங்காயும் வெங்காயமும் போதும்' என்றால் மறுபேச்சு இருக்காது. பழைய முறையில் கேட்கிறார் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். பனங்காலத்தில் நுங்கு, பதநீர். மாலையில் அவித்த கடலை, சுண்டல், எள்ளுருண்டை, கடலை மிட்டாய். பஸ்ஸில் மதுரைப் பக்கம் போனால் பருத்திப்பால். ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்த்துக் காய்ச்சுவது. மேலைநாடுகளில் ஓட்ஸ் பால் பெட்டிகள் கடைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மதுரைத் தெருவில் தாவரப் பால் விற்றுக்கொண்டிருக்கிறது.

சொந்தமாகச் சமைக்க இடம் கிடைத்தால் ஒட்டன்சத்திரம் சந்தையைப் பார்க்காமல் போகக்கூடாது. கேரளத்துக்குக் காய்கறி போவதில் பெரும்பங்கு இங்கிருந்து. முருங்கைக்காய், தக்காளி, அவரை, வெண்டை, சின்ன வெங்காயம் என்று மூட்டைகளாக லாரியில் ஏறும். தக்காளியும் மிளகாயும் கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் போன்றோர் கடல்வழியே கொண்டுவந்தவை என்பதை நினைத்தால், நம் பாரம்பரியச் சமையல் எவ்வளவு திறந்த மனத்தோடு வளர்ந்தது என்பது புரியும். பெரும்பாணாற்றுப்படையில் வந்த அவரை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

2014-ல் மாநகராட்சி ஆன திண்டுக்கல்லுக்கு இரண்டு வேண்டுகோள்கள். சைவ உணவகம் நடத்துபவர்கள், விலைப்பட்டியலில் எந்தப் பண்டத்தில் நெய், பால், தயிர் சேர்கிறது என்று ஒரு சிறு குறி போட வேண்டும். வீகனுக்கு மட்டுமில்லை, பால் ஒத்துக்கொள்ளாத வயிறு உள்ளவர்களுக்கும் அது பெரிய உதவி. இரண்டாவது வேண்டுகோள் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்களுக்கு. சத்திரம் கட்டியவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, பிரியாணிக் கடைகளின் கதை விளம்பரத்தில் இருக்கிறது. சந்தை வாசலில் கூழ்ப் பானை வைத்து ஊருக்குப் பசியாற்றிய பெண்களின் வரலாறு எங்கும் பதிவாகவில்லை. வேடசந்தூரிலும் நத்தத்திலும் அந்தத் தலைமுறையில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கம்பை எப்படிப் புளிக்கவைத்தார்கள், எந்தச் சந்தைக்கு எத்தனை மணிக்கு நடந்தார்கள், ஒரு சொம்பு என்ன விலைக்கு விற்றார்கள் என்பதை இந்த ஆண்டே போய்க் கேட்டு எழுதி வையுங்கள்.